லத்தீனுக்கு ஐம்பத்திரண்டு

கல்லூரியின் மாலை லத்தீன் வகுப்பில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடுவதென்றாலும் ஸ்கேலை வைத்து, சரிபார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி சரிபார்த்து அவள் கோடு இழுப்பதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். பகலில் பெயின்ட் கடையில் பில் போடுகிற வேலை. "பெயின்ட்டாவது காய்ஞ்சா பளபளன்னு இருக்கும். உன் லத்தீன் காய்ஞ்சு யாருக்கு என்ன லாபம்?" என்று கடை முதலாளி வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அப்படிப்பட்டவளைத்தான் கல்லூரி மதிப்பீட்டாளர்களில் ஒருத்தியாகச் சேர்த்தது. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு, வருட முடிவில் ஒவ்வொரு பாடத்துக்கும் வெளியாள் ஒருவர் வந்து மதிப்பெண் போட வேண்டும் என்று விதி. லத்தீனுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"நானா சார்?" என்று கேட்டாள்.

"நீதாம்மா. எழுத்து எழுத்தாப் பார்க்கிறவங்கதான் இதுக்குச் சரி," என்றார் லத்தீன் சார்.

"தப்பாப் போட்டுட்டா?"

"போட்டுட்டா என்ன, உலகமா இடிஞ்சிடும்? வீட்டுக்காரங்க மேல்முறையீடு பண்ணுவாங்க. வேற ஆள் போய் போடுவார். போம்மா, போ."

அவளுக்கு வந்த முதல் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பெண். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். லத்தீன் அவளுக்கு இரண்டாவது மொழி, முதல் வருடம். அறுபது வாங்கினால் அடுத்த வருடமும் வீட்டிலேயே படிக்கலாம். அறுபதுக்குக் கீழே போனால் அடுத்த பருவத்திலிருந்து கட்டாயம் பள்ளிக்கூடம். மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள், லத்தீன் ஒன்றுதான் பாக்கி என்று லத்தீன் சார் சொன்னதும் ஸ்கேல் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பதைப் பெயின்ட் கடையில் பில் போடுகிறவளா முடிவு செய்வது?

மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது குட்டியின் அத்தை, அப்பாவின் அக்கா.

"வாம்மா. நீதான் பரீட்சை வைக்கப் போறியா? சின்னப் பொண்ணா இருக்கியே. நான் நரைச்ச தலையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமா யாரோ வரப்போறாங்கன்னு பார்த்தேன்."

"அண்ணி, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே குட்டியின் அம்மா வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "வாங்க டீச்சர், வாங்க. மாடி ஏறி வந்தது மூச்சு வாங்கும். முதல்ல உட்காருங்க," என்றாள்.

சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலையில் மைக்கறை. சுவர் முழுக்கப் பெயர்ச்சொல் அட்டவணைகள், ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு நிறம். ஃப்ரிட்ஜ் கதவில் வினைச்சொற்கள். கழிவறைக் கதவின் உட்புறம்கூட எண்கள் ஒட்டியிருப்பதாக அத்தை தகவல் சொன்னாள். "உள்ள போனா நிம்மதியா உட்கார முடியலம்மா. உனஸ், துவோ, த்ரேஸ்னு முறைச்சுக்கிட்டு நிக்குது."

ஸ்கேல் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "நானும் போன வருஷம்தான் ஆரம்பிச்சேன் டீச்சர். இவளுக்கு ஒரு பாடம் முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கேன். நாய் துரத்துற மாதிரி."

"ஏன் லத்தீன் எடுத்தீங்க?"

அம்மா குட்டியைப் பார்த்தாள். குட்டி மேசையோரம் நின்று விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல இவ நின்னு வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. கொஞ்சம் திக்கும். ஒருநாள் டீச்சரும் சேர்ந்து சிரிச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்தவ ரெண்டு நாள் வாயே திறக்கலை. அதோட நிறுத்திட்டேன். இந்த பாஷையை இன்னைக்கு இப்படித்தான் பேசணும்னு சொல்ல ஆள் ஏது? அப்புறம் யாரு சிரிக்க முடியும்?"

"செத்துப்போனவங்க சிரிப்பாங்க," என்றாள் அத்தை.

"அண்ணி!"

ஸ்கேல் தாள்களை அடுக்கினாள். மூன்று பகுதி. வருடம் முழுக்க வீட்டில் செய்த பயிற்சிகளுக்கு முப்பது. அட்டவணைகளை ஒப்பிப்பதற்கு முப்பது. இதுவரை பார்த்திராத ஒரு பகுதியைப் படித்துப் பொருள் சொல்வதற்கு நாற்பது.

பயிற்சிகளை முதலில் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நூறு. கடைசிப் பாடம் வரை ஒரு தொண்ணூற்றொன்பதுகூட இல்லை.

"எல்லாமே நூறா?"

"தப்பு இருந்தா திருத்தச் சொல்வேன். மறுபடி தப்பா இருந்தா மறுபடி. முழுசா சரியாகுற வரைக்கும் விடமாட்டேன். அப்புறம்தான் மார்க்கே."

"அப்ப முதல் தடவை எவ்வளவு வந்துச்சுன்னு..."

"அழிச்சிடுவோமே. தப்பை எதுக்கு டீச்சர் சேர்த்து வைக்கணும்?" வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கொட்டியதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

ஸ்கேலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொய் என்று சொல்ல முடியாது, எல்லாமே சரியான விடைகள். பிள்ளையின் திறனுக்கு அளவு என்றும் சொல்ல முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று முப்பதில் பாதியை, பதினைந்தைப் பென்சிலால் எழுதி வைத்தாள்.

அட்டவணை ஒப்பித்தல் குழாயைத் திறந்துவிட்டது போல் இருந்தது. குட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ராகம் போட்டு ஒப்பித்தாள். திக்கலே இல்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வழுக்கினாள். இருபத்தேழு.

அடுத்ததுதான் நாற்பது மதிப்பெண். ஸ்கேல் அதற்கென்று தானே ஒரு கதை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முதல் வருடப் புத்தகத்துச் சொற்களைத் தாண்டாத கதை. ஒரு பிரதியைக் குட்டியிடமும் ஒன்றை அம்மாவிடமும் கொடுத்தாள். வீட்டார் கூட இருக்கலாமா என்பதை விதி மதிப்பீட்டாளர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. எழுந்து போகச் சொல்ல அவளுக்குக் கூச்சம். அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

குட்டி வாசித்தாள். பிறகு பொருள் சொன்னாள். "ஒரு கப்பல்காரன்... காட்டுல நடக்கிறான்."

"கப்பல்காரனுக்குக் காட்டுல என்ன வேலை?" என்றது சமையலறை.

"அண்ணி, பரீட்சை நடக்குது!"

"தெரியாமத்தான் கேக்கறேன். கப்பலைத் தொலைச்சிட்டானா?"

குட்டி களுக்கென்று சிரித்தாள். சிரித்தபடியே அடுத்த வரிக்குப் போனாள். "ஓநாய் விவசாயியோட மகளை..." நிறுத்தினாள். "இல்ல. விவசாயியோட மகள் ஓநாயைப் பார்க்கிறா."

சரி. அந்த வரியில் சொற்களின் வரிசை ஆளை ஏமாற்றும். முதல் வருடத்தில் ஸ்கேலும் அதில் விழுந்து எழுந்தவள்தான். இந்தப் பெண் விழப்போய் நின்றுவிட்டாள். அடுத்த வரியிலும் அப்படியே. தப்பான பாதையில் ஒரு கால் வைப்பாள், எடுப்பாள், சரியானதில் வைப்பாள். ஒரு கணம் ஸ்கேலுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தும் தனக்கு வராத நிதானம் ஒரு பொடிசுக்கு வந்திருக்கிறதே.

அதன் பிறகுதான் கவனித்தாள். குட்டி தாளைப் பார்க்கவே இல்லை.

வரியை வாசிக்கும்போது பார்த்தாள். பொருள் சொல்லும்போது எதிரே பார்த்தாள். அம்மா ஒன்றும் செய்யவில்லை. உதடு அசையவில்லை, தலை ஆடவில்லை, பிள்ளைக்காகப் பதறிக்கொண்டு தன் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள இருக்கீங்களா? இன்னொரு பகுதி கொடுக்கலாம்னு பார்க்கிறேன்," என்றாள் ஸ்கேல்.

"தாராளமா. இவதான் பின்னுறாளே," என்று அம்மா பூரிப்போடு எழுந்து போனாள்.

இரண்டாவது பகுதி முதலாவதைவிட எளிது. குட்டி கணீரென்று வாசித்தாள். அப்புறம் மௌனம்.

"சும்மா சொல்லு. தப்பானாலும் பரவாயில்ல."

"ராணி... அடிமைக்கு... பரிசு..." குட்டி நிமிர்ந்தாள். இப்போது அவள் கண் ஸ்கேலின் முகத்தில் இருந்தது. "பரிசு கொடுக்கிறா. இல்ல. வாங்... இல்ல, கொடுக்கிறா."

சரிதான். ஆனால் அந்த 'இல்ல'வுக்கும் 'கொடுக்கிறா'வுக்கும் நடுவில் தன் மூச்சு நின்று போனது ஸ்கேலுக்குத் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வரி, குட்டி."

முதுகுக்குப் பின்னால் தாளைப் புரட்டுகிற ஓசை. ஒரு சொல். அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சொல். பிறகு அதுவும் இல்லை.

வேண்டுமென்றே தெரியாதது போல் நடிக்கிறாளோ? ஸ்கேல் தன்னையே நம்புகிறவள் அல்ல. புத்தகத்தின் இரண்டாம் பாடத்து வரியை, அட்சரம் மாறாமல், சொல்லிப் பார்த்தாள். அதுவும் தெரியவில்லை. இன்னொன்று. இல்லை. நாற்காலியைத் திருப்பினாள்.

குட்டி அழவில்லை. பரீட்சை முடிந்த பிள்ளையைப் போலத் தளர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?"

"என்னத்தை?"

"தப்பாப் போனா அம்மாவுக்கு மூச்சு நின்னுடும். சரின்னா விட்டுடுவாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "அவங்களுக்கே தெரியாதுக்கா. ரெண்டாவது பாடத்திலேயே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அப்புறம் புத்தகத்தைப் பார்க்கத் தேவையே படலை. எழுதுறப்பவும் பக்கத்துலதானே இருப்பாங்க."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிக்கா சொல்றது? எனக்காக அவங்க தூங்காமப் படிக்கிறாங்க. அவங்க முன்னாடி தப்பாச் சொல்லவும் மனசு வராது." குட்டி சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெயிலானா ஸ்கூலுக்குப் போகணும்ல?"

"ஆமா."

"போ... போகணும்க்கா. எனக்குப் போகணும்." இப்போதுதான் திக்கியது. "சிரிச்சா சிரிக்கட்டும். இங்க நான் அம்மா மூச்சை மட்டும்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். ஆனா இது எதையும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. சத்தியமா சொல்லக் கூடாது. தாங்க மாட்டாங்க."

ஸ்கேல் தலையாட்டினாள். அந்த நேரத்தில் அது நல்ல காரியமாகவே தோன்றியது.

பத்து. கூட்டினால் ஐம்பத்திரண்டு. பென்சில் எண்களை மையால் எழுதினாள். காரணம் எழுதுகிற இடத்தில், 'பார்த்திராத பகுதியைப் பொருள்கொள்ளும் திறன் போதாது' என்று எழுதினாள். ஏன் போதாது என்று எழுதவில்லை. ஸ்கேலை வைத்து அடிக்கோடு போட்டாள். கோடு கோணலாகப் போனது.

பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வாசித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பத்தா? நாற்பதுக்குப் பத்தா?"

"ரெண்டாவது பகுதியில கொஞ்சம்..."

"நான் இங்க உட்கார்ந்திருந்தப்ப எல்லாத்தையும் சரியாச் சொன்னாளே! என் காதால கேட்டேனே! நான் அந்தப் பக்கம் எழுந்து போனதும் எப்படி மறந்து போகும்?"

அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னவள் காதில்தான் அது விழவில்லை. குட்டி ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேல் பேனாவை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"பதற்றமா இருந்திருக்கலாம்," என்றாள்.

"பதற்றம்." அம்மா அந்தச் சொல்லை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது போல் திரும்பச் சொன்னாள். பிறகு குட்டியின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, உனக்கு மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா? ஒரு வருஷம்! ஒரு வருஷமா நான் உன்கூட உருண்டு புரண்டதுக்கு இதுதானா?"

"பிள்ளையை ஏன் திட்டுற? ஸ்கூலுக்குப் போனா நாலு பேர்கூடப் பழகட்டுமே," என்று அத்தை வாசற்படியில் வந்து நின்றாள்.

"நீங்க பேசாதீங்க அண்ணி. இது மக்குன்னு இன்னைக்குத்தானே எனக்குத் தெரியுது. அந்த ஸ்கூல்ல சிரிச்சவங்க சரியாத்தான் சிரிச்சிருக்காங்க."

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தையில் அம்மாவை வாயடைக்க வைத்திருக்கலாம். ஸ்கேலும் வைத்திருக்கலாம். இருவரும் ரகசியத்தைக் காப்பாற்றினார்கள்.

கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டும்போது அம்மா 'டீச்சர்' என்று கூப்பிடவில்லை. "நீங்க எங்க வேலை பார்க்கிறீங்கன்னு சொன்னீங்க?"

"பெயின்ட் கடையில. பில் போடுறேன்."

"நல்லாப் போட்டீங்க."

மேல்முறையீடு பத்து நாளில் வந்தது. லத்தீன் சார் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். குழந்தைக்குத் திக்கல் உண்டு. அறிமுகமில்லாத ஆளோடு தனியே விடப்பட்டதால் பதற்றத்தில் விடை சொல்ல முடியவில்லை. பதற்றம்தான் காரணம் என்று மதிப்பீட்டாளரே தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அடுத்த முறை தாய் அருகில் இருக்க அனுமதிக்க வேண்டும்.

"நியாயமாத்தான் கேட்கிறாங்க. பதற்றம்னு நீ சொன்னியா?" என்றார் சார்.

"சொன்னேன் சார். ஆனா..."

"ஆனா?"

குட்டிக்குக் கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம்தானே சொல்லக் கூடாது, சாரிடம் சொன்னால் என்ன என்று யோசித்தாள். சாரிடம் சொன்னால் அது கடிதமாகி அம்மாவிடம்தான் போய்ச் சேரும். கேட்டால் நிரூபிக்கவும் வேண்டும். மூச்சை எதை வைத்து நிரூபிப்பது? தான்தான் தப்பாகப் பார்த்தோமோ என்றும் ஓர் எண்ணம் ஓடியது.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் நரைத்த தலை, கண்ணாடி எல்லாம் உள்ளவர். அம்மாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு பரீட்சை வைத்தார். தொண்ணூற்றொன்று. வருடம் முழுக்க வாங்கிய நூறுகளுக்கு முப்பதையும் அப்படியே கொடுத்திருந்தார். முதல் வருடத்தில் இப்படி ஒரு நிதானத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று அறிக்கையும் எழுதியிருந்தார்.

"முப்பத்தொன்பது மார்க் வித்தியாசம்மா," என்றார் லத்தீன் சார், கடிந்துகொள்ளாமல். "உனக்குக் கை கொஞ்சம் இறுக்கம். ஒரு ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். என்ன?"

"சரி சார்."

மாலை வகுப்பு நண்பர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். உடைஞ்ச ஸ்கேல்.

சான்றிதழ் வாங்க அம்மாவும் குட்டியும் கல்லூரி அலுவலகத்துக்கு வந்த அன்று, வகுப்புக்குப் போகிற வழியில் ஸ்கேல் அவர்களிடம் மாட்டிக்கொண்டாள். ஒளிந்துகொள்ள இடமில்லாத நீண்ட தாழ்வாரம். அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினாள்.

"எடுத்துக்குங்க. தொண்ணூத்தொண்ணு வாங்கியிருக்கா. கேள்விப்பட்டிருப்பீங்களே."

"கேள்விப்பட்டேன்."

"அந்த சார் எவ்வளவு பெரிய மனுஷன் தெரியுமா? எழுந்து நின்னு கைகொடுத்தார் இவளுக்கு. அடுத்த வருஷம் கிரேக்கமும் சேர்த்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார். நான் இப்பவே எழுத்து கத்துக்க ஆரம்பிச்சிட்டேன்." பெருமையில் அம்மாவுக்கு முகம் மலர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் இறங்கியிருந்தது. "இருங்க, கவுன்ட்டர்ல கூப்பிடுறாங்க. குட்டி, டீச்சர்கிட்ட பேசிக்கிட்டு இரு. பயப்படாதே, இனிமே இவங்க உன்னை ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா போனாள். சாக்லேட் தாள் ஸ்கேலின் கைக்குள் கசங்கியது.

"நான் சொல்லலை குட்டி," என்றாள் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லலை. சார் கேட்டப்பகூடச் சொல்லலை."

நன்றி என்ற ஒரு சொல்லை அவள் எதிர்பார்த்தாள். அந்தக் கோடையில் தனக்குச் சரியாக அமைந்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்திருந்தாள்.

குட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் பார்வையாக அது இல்லை.

"எனக்குப் பன்னெண்டு வயசு," என்றாள். திக்காமல் சொன்னாள். "நான் சொல்லாதீங்கன்னுதான் சொல்வேன். நீங்க பெரியவங்கதானே? நீங்க சொல்லியிருக்கணும்."

"குட்டிம்மா!" என்று கவுன்ட்டரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "வந்து கையெழுத்துப் போடு."

குட்டி போனாள். அம்மா பேனாவைத் திறந்து கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டி, பக்கத்திலேயே நெருங்கி நின்றுகொண்டாள்.